நீங்கள் தொடர்ந்து பேசலாம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வட்டம் என்று பெயர். ஆள் ஒட்டடைக்குச்சி, உடம்பில் எங்கும் வட்டம் கிடையாது. வீடியோவைத் திறந்தால் படம் வருவதற்கு முன் திரை நடுவில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த வட்டம். அவரிடம் என்ன கேட்டாலும் மூன்று விநாடிக்குப் பதில் வராது. நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் கேட்டது போய்ச் சேர்ந்ததா, பாதி வழியில் விழுந்துவிட்டதா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அப்புறம் வரும் பதில், முழுசாக, திருத்த ஒன்றும் இல்லாமல்.

பெயர் வைத்தது நான்தான். பதினோரு பேர் இருக்கிற அந்த அலுவலகத்தில் யார் குரலும் எனக்கு வரும். எங்கள் முதலாளி எதையும் "சிம்பிளா சொல்லணும்னா" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சிக்கலாக்குவார். நடுநடுவே பேனாவால் மேசையைத் தட்டுவார். அவரைச் செய்து காட்டினால் சிரிப்பார்கள். வட்டத்தைச் செய்து காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு விரலைக் காற்றில் மூன்று சுற்று சுற்றுவேன். பிறகு, டீ வேண்டுமா என்றதற்கு அவர் சொல்வது மாதிரி தொண்டைக்குள்ளிருந்து, "இப்ப வேண்டாம்மா. கப்பு கழுவல." அவ்வளவுதான். அவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. வீடியோவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் பாடங்கள் போடும் வலைத்தளம் செய்தபோது, முழு வீடியோவையும் ஒரே கோப்பாக அனுப்பிவிடலாமே என்று கேட்டேன்.

"ஒரு முழு ரொட்டிய அப்படியே வாய்ல திணிக்க முடியுமாம்மா? துண்டு போட்டுக் குடு. லைன் நல்லா இருக்கறவனுக்குப் பெரிய துண்டு, இல்லாதவனுக்குச் சின்னத் துண்டு."

ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டிப் போட்டார். ஊர்க் கோடியில் இருந்தவன்கூட நிற்காமல் பார்த்தான்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தார், அலுவலக லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. வாசல் மணியை அழுத்தினால் உள்ளே சத்தமே வரவில்லை. ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பல்பு எரிந்து அணைவது மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்தது அவருடைய அக்கா. கழுத்தில் அளவு டேப், வாயில் இரண்டு குண்டூசி. சலவைக் கடைக்காரர்கள் அனுப்பும் பேன்ட்டுகளுக்கு நீளம் குறைத்துத் தைத்துக் கொடுப்பது அவருக்குத் தொழில். நான் யார், எதற்கு வந்தேன் என்று கடகடவென்று சொன்னேன். அக்கா என் வாயையே பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் காலால் தரையை இரண்டு தட்டு தட்டினார். அந்த அதிர்வில் வட்டம் அண்ணன் போர்வையோடு எழுந்து வந்தார்.

அக்காவுக்கு ஒன்றரை வயதில் காது போய்விட்டது. பள்ளிக்கூடம் இரண்டு வருஷம்தான். தன் பெயரும் எண்களும் எழுதுவார், அதற்கு மேல் எழுத்து வராது. கைப்பேச்சும் யாரிடமும் போய்க் கற்றதில்லை. அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்து தாங்களாகவே உண்டாக்கி வைத்துக்கொண்ட ஒரு பேச்சு.

"எங்க அம்மாவுக்கே பாதிதான் புரியும்," என்றார் அண்ணன். "அம்மா போன பிறகு இதைப் பேசறது ரெண்டே பேர்."

அவர்கள் பேசியதைப் பார்த்தேன். நான்கு கைகளும் பறந்தன. அக்கா முடிப்பதற்குள் இவர் ஆரம்பித்தார், இவர் முடிப்பதற்குள் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மூன்று விநாடியெல்லாம் அங்கே கிடையாது. எங்களிடம்தான் அந்த மனிதர் கடைசிவரை பார்த்து முடித்துவிட்டுப் பதில் சொல்கிறவர். என்னைப் பற்றி அக்கா ஏதோ கேட்டார். நான்கு விரல்களையும் கட்டைவிரலையும் வாத்தின் அலகு மாதிரி படபடவென்று அடித்துக் காட்டினார்.

"என்ன சொல்றாங்க?"

"நீதானா அதுன்னு கேக்குது. உனக்கு எங்க வீட்ல அதுதான் பேரு."

அக்கா சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. ஆக, அந்த வீட்டில் காது கேட்காத ஒருவர் இருக்கிறார் என்பது அண்ணனுக்கு மட்டும் தெரிந்த விஷயமில்லை. எனக்கும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு வருஷம் கழித்து எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது.

தொற்று நோயாளிகளைத் தனியாக வைத்திருக்கும் ஒரு வார்டு. பதினான்கு படுக்கைகள். உறவினர் யாரையும் உள்ளே விடமாட்டார்கள், நோயாளிகளுக்குச் சொந்த ஃபோனும் கிடையாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஸ்டாண்டில் ஒரு டேப்லெட். தினமும் நாலு மணியிலிருந்து நாலு இருபது வரை வீட்டில் இருப்பவர்கள் கணினியிலோ ஃபோனிலோ பக்கத்தைத் திறந்தால் நோயாளியோடு பேசலாம். அதைத்தான் நாங்கள் செய்து தரவேண்டும்.

ஆஸ்பத்திரியின் தொழில்நுட்ப அதிகாரி அம்மா கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் பேசினால் சுற்றறிக்கை வாசிப்பது மாதிரியே இருக்கும். "அதாவது, நோயாளியின் உறவினர் எந்தவிதச் சிரமமும் இல்லாத வகையில்..." என்று ஆரம்பித்தாரென்றால் மூச்சு வாங்கக்கூட நிறுத்தமாட்டார்.

"சிம்பிளா சொல்லணும்னா," என்றார் முதலாளி, "டிரைவிங் ஸ்கூல் மாதிரியே துண்டு போட்டு அனுப்பிடலாமே தம்பி? அது நிக்காம ஓடுச்சே."

வட்டம் அண்ணன் பார்த்தார். பிறகு, "துண்டு போட்டு அனுப்பினா இருபது செகண்ட் லேட்டா போகும் சார். எப்படி இருக்கேன்னு கேட்டுட்டு, பதில் வர இருபது செகண்ட் உக்காந்திருப்பீங்களா?"

"உங்ககிட்ட கேட்டுட்டு நாங்க தினமும் அப்படித்தானே உக்காந்திருக்கோம்?" என்றேன் நான்.

அறையே சிரித்தது. அதிகாரி அம்மாகூட.

நேரடி இணைப்புதான் என்று முடிவாயிற்று. இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு நேராக, தாமதமே இல்லாமல். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு என்றார் அண்ணன். துண்டு போடும்போது முன்கூட்டியே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளலாம். நேரடியில் சேமிப்பு கிடையாது. லைன் சுருங்கினால் எதையாவது கீழே போட்டே ஆகவேண்டும். "படத்தைப் போடறதா, குரலைப் போடறதான்னு நாம இப்பவே சொல்லிடணும்."

"குரல் இருக்கணும்," என்றார் அதிகாரி அம்மா யோசிக்காமல். "படம் போனா பரவாயில்ல. பேச்சு அறுந்து போனாத்தான் வீட்டுல பதறிடுவாங்க."

"தம்பி, ஓகேதானே?" என்றார் முதலாளி.

அண்ணன் அதிகாரியைப் பார்த்தார். ஒரு விநாடி. இரண்டு விநாடி. நான் முதலாளியின் தலைக்குப் பின்னால் விரலைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தேன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்து, "சரி சரி, வட்டம் சுத்திடுச்சு. ஓகேன்னு வச்சுக்கலாம். அடுத்தது என்னம்மா?" என்றார். அண்ணன் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

படம் நிற்கும்போது திரையில் என்ன வரவேண்டும் என்று எழுதியது நான். "இணைப்பு பலவீனமாக உள்ளது. படம் நிறுத்தப்பட்டுள்ளது. கவலை வேண்டாம், நீங்கள் தொடர்ந்து பேசலாம்." அண்ணன் படித்துப் பார்த்தார்.

"அந்தக் 'கவலை வேண்டாம்'கிறத மட்டும் எடுத்துடு. ஆஸ்பத்திரில இருக்கறவங்ககிட்ட அதை நாம சொல்லக் கூடாது."

எடுத்துவிட்டேன்.

சோதனை செய்ததும் நான்தான். லைன் கிடைக்காத இடமாகத் தேடிப் போனேன்; வண்டி நிறுத்தும் அடித்தளம், லிஃப்ட்டுக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அங்கே நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த குரல் எல்லாவற்றையும் போட்டேன். இருமும் பெரியவர், விசும்பும் மருமகள், "சிம்பிளா சொல்லணும்னா எனக்கு நெஞ்சு வலி" என்று முதலாளி. மேலே ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த அண்ணன், "படம் போச்சு, பேச்சு தெளிவா கேக்குது" என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொண்டார். இருபத்திரண்டு சோதனை, இருபத்திரண்டும் தேறியது. வாயைத் திறக்காமல் ஒரு சோதனைகூட நாங்கள் செய்யவில்லை.

வார்டில் அது ஓட ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை அண்ணன் அலுவலகத்துக்கு வரவில்லை. மதியத்துக்கு மேல் வந்தார். அக்காவுக்கு நுரையீரலில் தொற்று, தனி வார்டில் வைத்துவிட்டார்கள், நம் ஆஸ்பத்திரிதான் என்றார்.

நாலு மணிக்கு மீட்டிங் அறையில் போய் உட்கார்ந்தார்; அங்கேதான் இணைப்பு நன்றாக இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தோம். கைகள் பறந்தன. சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன அண்ணா சொல்றாங்க?"

"பக்கத்து பெட்டுல ஒரு அம்மா தூங்கறப்ப வாய எப்படித் திறக்கறாங்கன்னு செஞ்சு காட்டுது. உன்னைத் தோக்கடிச்சிடும்."

வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை வார்டு நிரம்பிவிட்டது. பதினான்கு டேப்லெட்டும் ஒரே நேரத்தில் நாலு மணிக்குத் திறந்தன. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அண்ணன் கதவைத் திறந்து, "ஏம்மா, கொஞ்சம் வா," என்றார்.

திரையில் அக்கா உறைந்து நின்றார். ஒரு கை மார்புக்கு முன்னால், விரல்கள் கலங்கி, புகை மாதிரி. கீழே என் வாக்கியம். நீங்கள் தொடர்ந்து பேசலாம். ஸ்பீக்கரில் எல்லாம் துல்லியமாகக் கேட்டது: திரைச்சீலை வளையம் இழுபடுவது, யாரோ இருமுவது, நர்ஸின் செருப்புச் சத்தம், அக்காவின் உடைகள் உரசுவது.

"நல்லா கேக்குதுல்ல?" என்றார் அவர். "ரொம்ப நல்லா கேக்குது."

மாற்றவேண்டியது நான்கே வரி. அக்காவின் கட்டிலுக்கு மட்டும் குரலை விட்டுவிட்டு, படத்தைச் சின்னதாக்கி, அசைவை மட்டும் காப்பாற்று என்று சொல்லவேண்டும். அரை மணியில் எழுதி முடித்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் ஓடுவதை ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது. முதலாளி அதிகாரி அம்மாவுக்கு ஃபோன் போட்டார். முதல்முறையாக, சிம்பிளா சொல்லணும்னா என்று ஆரம்பிக்கவில்லை.

"அம்மா, அது நம்ம தம்பியோட அக்கா. காது கேக்காது அவங்களுக்கு."

மறுமுனையிலிருந்து சுற்றறிக்கைக் குரல் இல்லாத வேறு ஒரு குரல் வந்தது. "சார், போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் ஒரு வரி மாத்தினார். ராத்திரி முழுக்க மருந்து லிஸ்ட் வரல. தனியா முடிவெடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. கமிட்டியில மூணு பேர் பார்க்கணும். திங்கக்கிழமை முதல் வேலையா இதை எடுக்கறேன். சத்தியமா."

ஃபோனை வைத்துவிட்டு முதலாளி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, சர்வர் சாவி உன்கிட்டதான் இருக்கு. நீ என்ன செஞ்சேன்னு நான் கேக்க மாட்டேன்."

அண்ணன் அவரைப் பார்த்தார். நான் அந்த விநாடிகளை எண்ணவில்லை.

"பதினாலு பெட்டு சார். ஒம்பதாம் பெட்டுல ஒரு பெரியவர். அவருக்குக் கண்ணு தெரியாது, சம்சாரம் குரலக் கேக்கத்தான் நாலு மணிக்காகக் காத்துட்டிருக்கார்னு நர்ஸ் சொன்னாங்க. அவசரத்துல எழுதினது. எங்கயாவது தப்பு இருந்தா அவருக்குக் குரல் போயிடும். திங்கக்கிழமை வரட்டும்."

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. நாங்கள் இரண்டு பேரும் நாலு மணிவரை இருந்தோம். படம் முதல் நிமிஷத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு படம் புதிதாக வந்து நின்றது. மொத்தம் நான்கு தடவை. நான்கிலும் அக்காவின் கைகள் வேறு வேறு இடத்தில் இருந்தன. பேசிக்கொண்டேயிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. நீளமாக, விடாமல். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஸ்பீக்கரில் அந்த மூச்சு கேட்டது.

அண்ணனும் பேசிக்கொண்டிருந்தார். "மெதுவா, ஒவ்வொண்ணா நிறுத்திச் சொல்லு" என்று சொல்கிறார் என நினைக்கிறேன். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணா?"

"அங்கயும் என் படம் நின்னிருக்கும்மா. அது அவ்வளவு சொல்லுது, நான் சும்மா கையக் கட்டிட்டு உக்காந்திருக்கற மாதிரிதான் அதுக்குத் தெரியும்."

நிறுத்தியவர் மறுபடி ஆரம்பித்தார். நாலு இருபதுக்கு டேப்லெட் தானாக மூடிக்கொண்டது. அந்த நேரப் பூட்டும் நாங்கள் போட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா இறந்துபோனார்.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு அதிகாரி அம்மாவின் ஒப்புதல் வந்தது. சொன்னபடி முதல் வேலையாக. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறவர், ஆனாலும் அக்கா இறந்தது அவருக்கு இன்னும் தெரியவில்லை. "தங்கள் அவசர வேண்டுகோள் ஏற்கப்பட்டது" என்று இருந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் வார்டு வாசலுக்குப் போய் அக்காவின் பொருள்களை வாங்கி வந்திருந்தார். சனிக்கிழமை பணியில் இருந்த நர்ஸிடம், அக்கா கைகளால் என்ன செய்தார் என்று கேட்டாராம். "தண்ணி கேக்கறாங்கன்னு நெனச்சு குடுத்தேன் சார். குடிச்சிட்டு மறுபடியும் அதையே செஞ்சாங்க. போர்வை குடுத்தேன். அப்பவும் நிறுத்தல," என்று அந்தப் பெண் அழுதுவிட்டாள். எப்படிச் செய்தார் என்று காட்டச் சொன்னாராம். அவளுக்கு நினைவில்லை. அன்று ஏழு நோயாளிகளை அவள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நான்கு படங்களையும் அவர் எடுத்து வைத்திருந்தார். ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, இங்க கை கழுத்துகிட்ட இருக்கு. எங்கேருந்து வந்துது, எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அது வார்த்தை. நிக்கற கைல ஒண்ணும் இல்ல. நாலையும் எல்லா வரிசையிலயும் ஓட்டிப் பார்த்துட்டேன்."

நான் அத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன். என் குரலில்தான் கேட்டேன். அது எனக்கே புதிதாக இருந்தது.

"அன்னிக்கு மீட்டிங்ல நான் விரலச் சுத்தலைன்னா, நீங்க அக்காவப் பத்திச் சொல்லியிருப்பீங்களா அண்ணா?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. வேற ஏதோ கணக்குதான் மண்டைல ஓடுச்சு. அக்கா ஞாபகமே வரல எனக்கு." கொஞ்சம் பொறுத்து, "நீ மனசுல வச்சுக்காதே. ஞாபகம் வந்திருந்தா உன் விரலா என்னை நிறுத்தியிருக்கும்?" என்றார்.

அந்த மாதமே மாற்றத்தை முறையாக எழுதி முடித்தார். எல்லோருக்குமாக மாற்றவில்லை. முதல் திரையில் ஒரு கேள்வி வரும்: குரலில் பேசுகிறீர்களா, கையால் பேசுகிறீர்களா? இரண்டாவதை அழுத்தினால் என் வாக்கியம் வராது. படம் கடைசிவரை ஓடும். ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்கு ஒன்றும் மாறவில்லை. "எத்தனை பேருக்குத் தேவைப்படும்?" என்று கமிட்டியில் கேட்டார்களாம். தனக்குத் தெரியாது என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

கடைசிச் சோதனையை ஆஸ்பத்திரியிலேயே, எல்லா டேப்லெட்டும் திறக்கும் நேரத்தில் செய்யவேண்டும் என்றார்கள். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கையில் ஒரு டேப்லெட்டும் படிவமும் கொடுத்தார்கள். அண்ணன் அலுவலகத்தில் இருந்தார். அதற்கு முன் ஃபோனில், "சத்தத்த முழுசா நிறுத்திடு. ஒவ்வொரு விரலும் தெரியுதான்னு மட்டும் பாரு," என்றார்.

நாலு மணிக்குத் திறந்தது. ஒன்று முதல் பத்துவரை விரல்களில் எண்ணிக் காட்டினார். படம் சின்னதாக, கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். சோதனைக்கு அதுவே போதும்.

அவர் நிறுத்தவில்லை. கைகள் மெதுவாக ஆரம்பித்து வேகம் எடுத்தன. நெற்றியைத் தொட்டன, கழுத்துக்கு வந்தன, மேசைக்குக் கீழே எதையோ காட்டின, கேள்வி கேட்டன, அவரே பதிலும் சொல்லிக்கொண்டன. ஓர் இடத்தில் சிரித்தார். ஓர் இடத்தில் இரண்டு கைகளையும் மடியில் போட்டுவிட்டு, திரும்ப எடுத்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என்னைச் சுற்றித் தாழ்வாரத்தில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் அவர் திரையைப் பார்த்துக் காத்திருந்தார். நான் கைகளைத் தூக்கினேன். அதில் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன், நாலு இருபதுக்கு அழைப்பு முடியும்வரை.

படிவத்தில் எழுதினேன்: விரல்கள் தெளிவு. அசைவு தெளிவு. படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.